பெடலுக்கு ஒரு பேட்டரி

காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெடல்கள் ஐந்தா ஆறா, சரியாக நினைவில்லை, ஐந்தென்றே வைத்துக்கொள்வோம். ஐந்தையும் ஒரே அடாப்டரில் மாட்டியதால், ஞாயிறு ஆராதனை முழுக்கச் சலோமியின் பேஸ் கிட்டார் இரைந்தது.

"இன்னொரு தடவ இரைஞ்சா, கிட்டார வச்சுட்டுப் பாடுற பொண்ணுங்களோட போய் நில்லும்மா," என்றார் கீபோர்டு வாசிக்கும் ஞானசிகாமணி.

"நிக்க மாட்டேண்ணே."

பெடலுக்கு ஒன்றாகச் சதுர பேட்டரி வாங்கிப் போட்டாள்.

"பொம்மக் கார் ஓட்டப் போறியா?" என்றார் ஞானசிகாமணி.

மறுவாரம் இரைச்சல் இல்லை. பாட்டின் நடுவே மின்சாரம் போனது. ஞானசிகாமணி கைகட்டிக்கொண்டார், சபை மட்டும் பாடியது. சலோமியின் காலடியில் பெடல்களின் ஐந்து சிவப்பு விளக்குகள் எரிந்தன. ஸ்பீக்கர் அணைந்திருந்ததால் ஒருவருக்கும் கேட்காமல் அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள். மின்சாரம் திரும்பியதும் பேஸ் மட்டும், சபை பாடிக்கொண்டிருந்த அதே அடியில், அதிர்ந்து எழுந்தது.

ஞானசிகாமணி இப்போது மஸ்கட்டில் இருக்கிறார். சபை வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. சலோமி வாசிக்கிறாள்.