பெரிய பல்சக்கரம்

வேலப்பனின் பைக்குக்கு மாற்றி மாட்ட இரண்டு பின்சக்கரங்கள். சமவெளியில் ஓட்டச் சின்னப் பல்சக்கரம் பூட்டியது ஒன்று. மனைவியையும் பிளாஸ்டிக் குடங்களையும் ஏற்றிக்கொண்டு மலைச்சந்தைக்குப் போகும் நாளில் பெரியது. வேகம் குறையும், இழுவை கிடைக்கும். மெக்கானிக் மைதீன் சக்கரம் மாற்றும்போது அவள் பக்கத்தில் குத்தவைத்து, கழற்றிய நட்டுகளை முந்தானையில் வாங்கிக்கொள்வாள்.

அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் தனியாக வந்தான்.

“பெருச மாட்டுங்க பாய். மலைக்குப் போகணும்.”

“சரக்கும் இல்ல, தங்கச்சியும் இல்ல. வெறும் வண்டிக்கு எதுக்குப்பா அவ்ளோ இழுவை?”

“நேத்து சின்னதுல போனேன் பாய். பாதி மலைக்கு மேல ஏற மாட்டேங்குது.”

மைதீன் ஸ்பேனரை எடுத்தார். முதல் நட்டைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமலே பக்கத்தில் நீட்டினார்.