எதிர்க்கடை விலை

மவுஸைப் பற்றிக் கேட்க வேண்டுமா, செம்பிஜ்ஜாவிடம் போ. வாங்க வேண்டுமா, எதிர்க்கடைக்குப் போ. கம்பாலாவில் கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி இது. கவூமாவுக்கும் ஆபீஸில் ஒருவன் இப்படிச் சொல்லித்தான் அனுப்பினான்.

கவூமா ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. மூன்று மாதமாகத் துப்பாக்கி கேமில் பெண்டாட்டியின் தம்பியிடம் தோற்றுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறை தோற்கும்போதும் பழியை மவுஸ் மேல் போடுவான்.

"நல்ல மவுஸா ஒண்ணு வாங்குங்க மாமா. அப்புறமும் தோத்தா நாற்காலி சரியில்லைன்னு சொல்லலாம்" என்று மச்சினன் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். பெண்டாட்டியும் சிரித்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் மதியம் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினான். இரண்டாம் மாடியில் கடை. செம்பிஜ்ஜாவுக்கு ஐம்பது வயதிருக்கும். லேப்டாப் ரிப்பேர்தான் முக்கியத் தொழில்; மவுஸும் கீபோர்டும் ஒரு ஓரமாக அடுக்கியிருந்தன.

மனிதர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, கவூமாவின் உள்ளங்கையை ஸ்கேல் வைத்து அளந்தார். எந்த கேம், எப்படிப் பிடிப்பாய், மேஜை எவ்வளவு அகலம் என்று டாக்டர் மாதிரி விசாரித்தார்.

டப்பாவில் பெரிதாக அச்சடித்திருக்கிற நம்பரைப் பார்த்து ஏமாறக்கூடாது, அவ்வளவு வேகத்தில் வைத்து எவனும் ஆட முடியாது என்றார். ஏழு கலரில் விளக்கு எரிவதற்குக் காசு கொடுக்கிறவன் மடையன் என்றார். எடை குறைவாக இருக்க வேண்டும், வயர் துணிக்கயிறு மாதிரி துவள வேண்டும், சட்டென்று இழுத்தால் அம்புக்குறி தாவக்கூடாது. இவ்வளவுதான் விஷயம் என்றார். ஆறு மவுஸைப் பிரித்துக் கொடுத்து ஆடிப் பார்க்கச் சொன்னார்.

கவூமா ஒன்றரை மணி நேரம் ஆடினான். நடுவில் அவருடைய டீயைக் குடித்தான், வேர்க்கடலையில் பாதியைத் தீர்த்தான். கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒன்று கையில் வெண்ணெயாக உட்கார்ந்தது.

"இது என்ன விலைண்ணே?"

"லட்சத்து முப்பதாயிரம் ஷில்லிங்."

யோசித்துவிட்டு வருகிறேன் என்றான். போகிற போக்கில் டப்பாவை போட்டோ எடுத்துக்கொள்ளவும் மறக்கவில்லை. செம்பிஜ்ஜா தலையை ஆட்டிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டார்.

எதிர்க்கடையில் நான்சுபுகா என்ற பெண்மணி இருந்தாள். அவன் காட்டிய போட்டோவில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் தேடி, அதே டப்பாவை எடுத்து வைத்தாள். தொண்ணூறாயிரம். வயரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டான். அதெல்லாம் தனக்குத் தெரியாது என்றாள். வீட்டுக்காரர் நடத்திய கடை; மார்ச்சில் அவர் தவறிவிட்டார்; வருகிறவர்கள்தான் மாடல் பெயரோடு வந்து கேட்கிறார்கள், ஏதோ கடவுள் புண்ணியத்தில் ஓடுகிறது என்றாள்.

"எதிர்ல இருக்காரே, நல்ல மனுஷன். பாவம், விலை வைக்கத்தான் தெரியல" என்றாள்.

கவூமாவும் சேர்ந்து சிரித்தான். நாற்பதாயிரம் மிச்சம் பிடித்தவன் சிரிக்காமல் என்ன செய்வான்?

படியிறங்கப் போனவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மவுஸின் வேகத்தை எந்த அளவில் வைப்பது? நான்சுபுகாவிடம் கேட்டுப் பயனில்லை. கொஞ்சமும் கூசாமல், எதிர்க்கடைப் பையோடு செம்பிஜ்ஜாவிடமே திரும்பிப் போனான்.

அவர் பையைப் பார்த்தார். மவுஸை வாங்கிச் செருகி, பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். கவூமா மிச்சமிருந்த வேர்க்கடலையைக் கொறித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்போது கல்லூரிப் பெண் ஒருத்தி மூச்சு வாங்க வந்தாள். அவளுக்கும் அதே மவுஸ்தான் வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிறது, விலை எவ்வளவானாலும் பரவாயில்லை, உடனே கொடுங்கள் என்றாள்.

"தீர்ந்துபோச்சும்மா. எதிர்க்கடையில கேட்டுப் பாரு" என்றார் செம்பிஜ்ஜா.

அவர் தலைக்கு மேலே அலமாரியில் அதே டப்பா எட்டோ பத்தோ அடுக்கியிருந்தது. அந்தப் பெண் போனதும் கவூமா விரலை நீட்டினான். "வச்சுக்கிட்டே இல்லைங்கிறீங்க?"

செம்பிஜ்ஜா எதிர்க்கடைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். தனக்கு ரிப்பேர் வேலையே போதும் என்றார். அந்த அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். சும்மா கொடுத்தால் ஒரு ஷில்லிங்கூட வாங்காது. வியாபாரம் நடந்தால்தான் உண்டு.

"அப்போ நேராவே அங்க போங்கன்னு எங்ககிட்ட சொல்லலாமே?"

"சொல்லிப் பார்த்தேன். கமிஷன் அடிக்கிறேன்னு நினைச்சு ஒருத்தனும் போகல. விலைய ஏத்திச் சொன்னேன், ஓடுறாங்க."

கவூமாவின் வாயில் அவருடைய வேர்க்கடலை இன்னும் பாக்கி இருந்தது. அதை மெல்லவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை. அடுத்த தடவை கட்டாயம் உங்களிடமே வாங்குகிறேன் என்று முணுமுணுத்தான்.

"அந்தக் காரியம் மட்டும் பண்ணிடாதீங்க தம்பி" என்று செம்பிஜ்ஜா மவுஸைத் துடைத்துப் பையில் போட்டுக் கொடுத்தார். "ஓசியில கேட்டுட்டு எதிர்க்கடையில வாங்குற உங்க புத்திய நம்பித்தான் அங்க அடுப்பு எரியுது."