செவ்வாய்க்கிழமை லைசென்ஸ்

"குழந்தை பிறந்து நாற்பது நாள் முடிஞ்ச மறுநாளே மருமகளை வண்டியில ஏத்திட்டா பாத்தியா! இவளும் ஒரு மாமியாரா?"

கலீச்சாவின் காதில் விழட்டும் என்றுதான் பக்கத்து வீட்டு சோனுன் இதைச் சத்தமாகச் சொன்னாள்.

மலையடிவார ஊரான கராகோலில், எங்கள் அடுக்குமாடி முற்றத்தில், கம்பளத்தைத் தொங்கவிட்டுத் தூசி தட்டும் கம்பி ஒன்று உண்டு. ஊர் வம்பு முழுக்க அங்கேதான் தூசியோடு கிளம்பும்.

கலீச்சா, செத்துப்போன கணவரின் பழைய ஜிகுலி காரைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்து சீட்டில் மருமகள் நுர்ஸாத், மடியில் குழந்தை. அந்தப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை.

"எங்கேக்கா பயணம்?"

"மனநல ஆஸ்பத்திரிக்கு," என்றாள் கலீச்சா, கூச்சமே இல்லாமல்.

தட்டிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன.

"இவளுக்கு டிரைவிங் லைசென்ஸ் எடுக்கணும். புத்தி சரியா இருக்குன்னு அங்கே சான்றிதழ் வாங்கினாத்தானே கொடுப்பான்?"

ஓ, அதுவா! கைகள் மறுபடி தட்ட ஆரம்பித்தன.

வேறு எதற்காவது போனால் கதையே வேறு. பேர் மனநோயாளிப் பதிவேட்டில் ஏறிவிடும், அப்புறம் வேலை கிடைக்காது, வீட்டில் இன்னொருத்திக்குக் கல்யாணம் ஆகாது என்பார்கள். லைசென்ஸ்காரர்கள் மட்டும்தான் அந்த வாசலில் தலை நிமிர்ந்து நுழையலாம்.

"உன் மகன் ரஷ்யாவுல செங்கல் சுமக்குறது போதலையா? பச்சை உடம்புக்காரியை டாக்சி ஓட்ட விடப் பாக்குறியே அக்கா!"

"ஆமாடி, பேராசைதான். உனக்கென்ன?"

கலீச்சா வண்டியை எடுத்தாள்.

அடுத்த செவ்வாயும் போனார்கள். அதற்கடுத்த செவ்வாயும் போனார்கள்.

சோனுனின் வாய் ஓயவில்லை. அவள் வீட்டுக் கதையைக் கேட்டால் மட்டும் பேச்சு சுருங்கிவிடும். மாஸ்கோவில் ஆறு வருஷம் லாரி ஓட்டிய அவள் மகன் எர்மெக், பனி உருகும்போது ஊருக்குத் திரும்பியவன், அறையை விட்டு வெளியே வரவே இல்லை.

"அலுப்பு. தூங்குறான்," என்பாள்.

நாலு மாசமாகத் தூங்குகிறான்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே சோனுனின் கணவன் கேட்டான். வேன் டிரைவர் அவன்.

"அந்தச் சான்றிதழுக்கா இத்தனை தடவை போறாங்க? எனக்குப் பத்து நிமிஷம்தான் ஆச்சு. இன்னைக்கு என்ன கிழமைன்னு கேட்டான். சொன்னேன். முத்திரை குத்திக் கொடுத்துட்டான்."

சோனுனுக்குப் பொறி தட்டியது.

அடுத்த செவ்வாய் அவளே பஸ் ஏறிப் போய்விட்டாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமே!

சான்றிதழ் வரிசை கீழ்த்தளத்தில் இருந்தது. அதில் அவர்கள் இல்லை. மாடியில் ஒரு மூடிய கதவுக்கு வெளியே, பெஞ்சில் உட்கார்ந்து, குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள் கலீச்சா.

"அப்ப லைசென்ஸ் எல்லாம் பொய்யா?"

"கத்தாதே, குழந்தை மிரண்டுடும். உட்காரு."

உட்கார்ந்தாள்.

"பிரசவம் ஆனதுலேர்ந்து நுர்ஸாத் அழுதுக்கிட்டே இருந்தா. 'உலகத்துல நீதான் பெத்தியா?'ன்னு நானும் திட்டினேன். நாற்பதாம் நாள் விருந்துக்கு வந்தவங்கல்லாம் போனதும் குழந்தையைக் கொண்டுவந்து என் கையில குடுத்தா. 'அத்தை, இவளோட என்னைத் தனியா விடாதீங்க. எனக்கு என்னை நினைச்சாலே பயமா இருக்கு'ன்னா. மறுநாளே இங்கே கூட்டிட்டு வந்துட்டேன்."

"அதுக்காக இங்கேயா? பேர் ஏறிடுமேக்கா!"

"நானும் அதைத்தான் முதல்ல கேட்டேன். டாக்டரம்மா சிரிச்சாங்க. தானா வந்து பேசிட்டுப் போறவங்க பேரை வெளியே யாருக்கும் கொடுக்க மாட்டாங்களாம். அவங்க கொடுக்கலைன்னா என்ன, நம்ம முற்றம் கொடுத்துடுமே!"

சோனுன் குழந்தையின் நழுவிய போர்வையை இழுத்துவிட்டாள்.

"அவளைப் பைத்தியம்னு சொல்றதுக்கு, என்னைப் பேராசைக்காரின்னு சொல்லிட்டுப் போங்க. எனக்கு என்ன, என் கல்யாணமா நின்னுடப் போகுது?"

"இப்ப எப்படி இருக்கா?"

"நேத்து குழந்தையைப் பாத்துச் சிரிச்சா. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்."

சோனுன் அந்த மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போ, போய் ஊரெல்லாம் சொல்லு. அதுக்குத்தானே பஸ் ஏறி வந்தே?" என்றாள் கலீச்சா.

சோனுன் எழுந்து போனாள்.

அடுத்த செவ்வாய் முற்றத்தில் நல்ல கூட்டம். கலீச்சா மருமகளை ஏற்றிவிட்டுத் தன் பக்கக் கதவைத் திறந்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்!"

கம்பியருகிலிருந்து சோனுனின் குரல். எல்லோரும் திரும்பினார்கள். வண்டிக்குள் நுர்ஸாத் தலையைக் குனிந்துகொண்டாள். கலீச்சாவின் கை கதவிலேயே நின்றது.

"என் எர்மெக்குக்கும் லைசென்ஸ் எடுக்கணும்க்கா. வண்டியில இடம் இருக்குமா?"

கலீச்சா பின்கதவைத் திறந்துவிட்டாள்.

"பின்சீட்டு காலியாத்தான் கிடக்கு. மெதுவாக் கூட்டிட்டு வா. நாங்க நிக்கிறோம்."

"எர்மெக்குக்கா?" என்று மூக்கை நுழைத்தாள் மூன்றாம் மாடிக்காரி. "அவன்தான் ஆறு வருஷம் லாரி ஓட்டினவனாச்சே!"

"இருந்த லைசென்ஸைத் தொலைச்சுட்டானாம்டி," என்றாள் கலீச்சா. "நீ கம்பளத்தைத் தட்டு."