'ஆடு' என்றொரு பலகை

பாலைவனத்துச் சூதாட்ட நகரத்துக்கு நூறு வயது. பெரிய சூதாட்ட மண்டபத்தின் வாசலில் நின்று ஊர் வரலாற்றை வாசித்துக்கொண்டிருந்தார் நரியார்.

"இம்மண்டபத்தை என் பாட்டனார் கட்டினார். ஆடுகள் தாமாகவே வந்து, கம்பளியை மனமுவந்து தந்து, நகரத்தை வளர்த்தன!"

கூட்டத்தில் நின்ற இளம் செம்மறிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய அப்பா அந்த மண்டபத்துக்குள் போய் மூன்று நாளாகிறது.

"மனமுவந்தா? வாசலில் 'ஆடு' என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தது யார்? எங்களுக்குக் கட்டிய பட்டி என்று நம்பித்தானே எங்கள் சனம் நுழைந்தது! அத்தனை பேரையும் மொட்டையடித்து அனுப்பினீர்களே, அதை ஏன் வாசிக்கவில்லை?"

"பலகையில் பிழையே இல்லை, அம்மணி" என்று இளித்தார் நரியார். "வாசலுக்கு வெளியே அது பெயர்ச்சொல். உள்ளே வந்துவிட்டால் வினைச்சொல்."

"என் அப்பாவை வெளியே விடுங்கள்!"

"நாங்கள் யாரையும் பிடித்துவைப்பதில்லையே!"

கதவு திறந்தது. உடம்பில் ஒரு மயிர்கூட இல்லாமல், நடுங்கிக்கொண்டே அப்பா வந்தார்.

"வாங்கப்பா, வீட்டுக்குப் போகலாம்."

அவர் மகளின் முதுகையே பார்த்தார்.

"உனக்குக் கம்பளி நன்றாக வளர்ந்திருக்கிறதே, கண்ணு. ஒரே ஒரு ஆட்டம்..."

நரியார் மரியாதையாகக் கதவை அகலத் திறந்து பிடித்தார்.