காணாமல் போன ஒன்பதாவது தட்டு

அந்தக் கருத்தை ஜனீன் அழித்தாள். தேநீரை ஒரு வாய் குடிப்பதற்குள் அது வேறு பெயரில் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது.

"டிரம்மருக்கு இடது கை போயிடுச்சு. அது கணக்கும் இல்ல, கலையும் இல்ல. அடி விட்டுப்போச்சு, அவ்வளவுதான்."

ஃபோர்த் ஃபென்ஸ் என்ற மெட்டல் இசைக்குழுவின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது ஜனீனின் வேலை. சம்பளம் கிடையாது. அந்தக் குழுவின் டிரம்மர் க்ளெனைக் கட்டிக்கொண்டதற்குக் கிடைத்த சீதனம்.

புது ஆல்பம் வந்த நாளிலிருந்து சண்டை ஒரே ஒரு பாட்டைப் பற்றித்தான். பாட்டு முழுவதும் ஒன்பது ஒன்பது தட்டுகளாக ஓடுகிறது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் எட்டுதான் விழுகிறது. அந்த ஒரு தட்டு எங்கே போனது என்று, உலகத்தில் வேறு பிரச்சினையே இல்லாததுபோல் அடித்துக்கொள்கிறார்கள்.

ரசிகர்களுக்கு அது மேதைமை. அடிலெய்டுக்காரன் ஒருவன் வரைபடமே போட்டுவிட்டான். போலந்தில் ஒருவன் அரை மணி நேரம் விளக்கிப் பேசிக் கடைசியில் கண் கலங்கினான். பெர்த் பப்களில் வாசிக்கும் பொடியன்கள் இப்போதே அந்த இடத்தில் கவனமாக ஒரு தட்டை விட்டுவிட்டு வாசிக்கிறார்கள்.

"எண்ணத் தெரியாதவன்லாம் பாட்டு கேக்க வந்துட்டான். போடா, போய் நர்சரி ரைம்ஸ் கேளு மச்சி."

விமர்சகர்களுக்கு அது கொழுப்பு.

"கால்குலேட்டரை கீழ போட்டாக்கூட இதைவிட உணர்ச்சியா சத்தம் வரும்."

இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றில் மட்டும் சந்தேகமே இல்லை. அது வேண்டுமென்றே செய்தது. இந்த வகை இசையில் தவறு என்று ஒன்று நடக்கவே முடியாது. நடந்தால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கும்.

அதனால்தான், அடி விட்டுப்போனது என்று சொன்ன இந்த மூன்றாவது ஆள் மீது இரண்டு கூட்டமும் ஒன்றாகப் பாய்ந்தன. இவ்வளவு நாள் சண்டையில் அவர்கள் ஒற்றுமையாக இருந்தது இந்த ஒரு விஷயத்தில்தான்.

ஜனீன் அவனை அழித்துக்கொண்டே இருந்தாள். அடுத்த மாதம் ஐரோப்பியப் பயணம். டிரம்மருக்குக் கை சரியில்லை என்று ஒரு புரளி கிளம்பினால் போதும், ஏற்பாட்டாளர்கள் வேறு ஆள் தேடுவார்கள். க்ளென் இந்தக் குழுவைத் தவிர வேறு எதையும் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்ததில்லை. அதை அவனே சிரித்துக்கொண்டு சொல்வான்.

இன்னொரு காரணமும் இருந்தது. அந்த வரியை முழுதாகப் படிக்கும் முன்பே அவள் விரல் அழிக்கும் பொத்தானைத் தேடியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜன்னல் வழியாகக் கடற்காற்று வந்து திரைச்சீலையைத் தூக்கிப் போட்டது. க்ளென் சாப்பிட்ட கையோடு, பயிற்சி என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புற ஷெட்டுக்குப் போயிருந்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் செய்யக் கூடாதென்று அதன் சுவர்களுக்கெல்லாம் மெத்தை அடித்திருந்தார்கள். உள்ளே என்ன நடந்தாலும் வெளியே கேட்காது.

திரையில் புதிதாக ஒரு கருத்து விழுந்தது. அதே ஆள். வேறு பெயர். இந்த முறை கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தான்.

"எத்தனை தடவை வேணா அழிங்க. உண்மை இதுதான். அந்த இடத்துல இடது கை வரலை. தப்புன்னு சொல்லி நிறுத்தலாம்னு அவன் தலையை நிமிர்த்தினான். அதுக்குள்ள பாடகன் ஓடி வந்து கட்டிப்பிடிச்சுக்கிட்டான். சூப்பர்டா, இதைத் தொடவே கூடாது, இப்படியே இருக்கட்டும்னான். இவனும் வாயை மூடிக்கிட்டான். அன்னைக்குக் காலையில அவனால ஷூ கயிறைக்கூடக் கட்ட முடியலை. பொண்டாட்டிதான் கட்டிவிட்டா. குளிரா இருக்கும், சரியாயிடும்னு சொன்னா."

ஜனீன் விரலை அழிக்கும் பொத்தான் மேல் கொண்டுபோனாள்.

அன்று அவள் ஷூ கயிறைக் கட்டிவிட்டது காருக்குள். கதவுகள் மூடியிருந்தன. ஸ்டுடியோ வாசலுக்கு வேறு யாரும் இன்னும் வந்திருக்கவில்லை.

விரலை எடுத்துக்கொண்டாள்.

இத்தனை நாளும் யாரை அழித்துக்கொண்டிருந்தோம் என்று புரிந்தபோது அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு! பிறகு, குளிராக இருக்கும் என்று எவ்வளவு சட்டென்று சொல்லிவிட்டோம் என்று நினைத்தாள். அவன் அன்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து ஷெட்டுக்குப் போகலாம். இருபதடி தூரம்கூட இருக்காது. ஆனால் அவள் எழவில்லை.

குழுவின் பெயரிலேயே அவனுக்குப் பதில் எழுதினாள்.

"உள்ள வா. பேசலாம்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கீழே ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த ஆல்பத்தின் தலைப்பு இதுதான் என்றான் ஒருவன். எழுத்துகளை எண்ணிப் பார்த்தீர்களா என்றான் அடிலெய்டுக்காரன். விளம்பர உத்தி, வெட்கங்கெட்டவர்கள் என்றார் ஒரு விமர்சகர்.

ஜனீன் மடிக்கணினியை மூடினாள்.

பின்கதவு திறந்தது. க்ளென் வந்து நின்றான். இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்து வைத்திருந்தான். சில மாதங்களாகவே அப்படித்தான் நிற்கிறான், ஏதோ புதுப் பழக்கம் என்று அவள் நினைத்திருந்தாள்.

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவன் உட்கார்ந்தான்.

அவள் அந்தக் கையைப் பையிலிருந்து மெல்ல வெளியே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அது ஆடியது. ஆடட்டும் என்று பிடித்துக்கொண்டே இருந்தாள்.