நடுவர் வந்த மத்தியானம்

ஊர் எதுவாக இருந்தால் என்ன, அங்கே அடுத்தடுத்த கூண்டில் இரண்டு குட்டைக்கோழிகள் இருந்தன. ஒன்று சீமாட்டி, இன்னொன்று இளவரசி. இரண்டுமே கண்காட்சிக்காக வளர்ந்தவை. கொண்டை இறகு கண்ணை மூடி விழுந்ததால் எதிரே நிற்பது யாரென்று தெரியாது. ஆனால் மதிப்பெண்ணே அந்தக் கொண்டைக்குத்தான்.

நடுவர் தொட்டால் ஓடக்கூடாது, கத்தக்கூடாது, நெஞ்சை நிமிர்த்தி நிற்க வேண்டும் என்று முதலாளி தினமும் பழக்கினார். போன கண்காட்சியில் முதல் பரிசு இளவரசிக்கு. அன்றிலிருந்து சீமாட்டிக்குத் தீனி இறங்கவில்லை.

ஒரு மத்தியானம் முதலாளி கூண்டுகளைத் தாழ்போட மறந்து சாப்பிடப் போனார். மெத்தென்று காலடி கேட்டது.

“அடியே, பூனை வருது, ஓடுங்கடி” என்று மதில்மேலிருந்து நாட்டுக்கோழி கத்தியது.

“பரிசு வாங்காததுங்க இப்படித்தான் எதையாவது சொல்லும்” என்ற இளவரசி, நெஞ்சை நிமிர்த்தி, இறக்கையையும் லேசாக விரித்துக் காட்டியது. பூனை கவ்வியபோதுகூடக் கத்தவில்லை. பழக்கம் அப்படி.

“தூக்கிட்டுப் போயிடுச்சுடி. நீயாவது ஓடு” என்றது நாட்டுக்கோழி.

சீமாட்டிக்கு வயிறு எரிந்தது. “என்னைத் தொட்டுக்கூடப் பார்க்காம இந்தத் தடவையும் பரிசை அவளுக்கே கொடுத்துட்டாரா? எனக்கு என்ன குறைச்சல்?”

தாழ்போடாத தன் கூண்டுக் கதவைக் காலால் அகலமாகத் தள்ளி வைத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, நடுவர் திரும்பி வரட்டும் என்று அசையாமல் நின்றது.