கிளி எடுத்த சீட்டு

பஸ் ஸ்டாண்டு மதில்மேல் உட்கார்ந்திருந்த காக்கைக்குப் பொறுமை போய்விட்டது. கீழே கிளி ஜோசியக்காரர் ஒரு நாளைக்கு இருபது தடவை கூண்டைத் திறக்கிறார். கிளியும் வெளியே வந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுக்கிறது, நெல்மணியை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறது. போனதும், "விடுதலை! விடுதலை!" என்று ஊரைக் கூட்டுகிறது.

"நீ கத்திக் கத்தி என் காதுதான் போச்சு. வெட்டின றெக்கை வளர்ந்து மூணு மாசமாச்சே, பறந்து தொலைக்க வேண்டியதுதானே?"

"அவர் பார்த்துக்கிட்டே இருக்காரே, அண்ணே!"

"அவரை நான் பார்த்துக்கிறேன். கதவு திறந்ததும் நீ கிளம்பு."

அடுத்த முறை கதவு திறந்ததும் காக்கை ஜோசியக்காரரின் தலைமேல் பாய்ந்தது. அவர் குடையை எடுத்து விளாசினார். வாலில் பாதி போயிற்று, கண்ணில் பூச்சி பறந்தது. அப்படியும் விடாமல் கொத்திக்கொண்டே, "போயேன், சனியனே!" என்று காக்கை கத்தியது.

கிளி வெளியே வந்து வானத்தைப் பார்த்தது. நேரம் நல்ல நேரமா என்று தெரிய வேண்டாமா? தனக்கென்று ஒரு சீட்டை உருவியது. படிக்கத் தெரியாததால் அதை ஜோசியக்காரரிடமே நீட்டியது.

அவர் குடையை இறக்கினார். சீட்டைப் பார்த்தார், கிளியைப் பார்த்தார், திறந்து கிடந்த கூண்டைப் பார்த்தார்.

"இப்போதைக்குப் பயணம் வேண்டாம்னு வந்திருக்கு."

"கேட்டீங்களா அண்ணே? நான் கிளம்பத்தான் இருந்தேன்" என்றபடி கிளி உள்ளே போய், அலகால் கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டது.

காக்கை தள்ளாடிப் பறந்து மதிலில் போய் உட்காருவதற்குள் கூண்டிலிருந்து குரல் கிளம்பிவிட்டது.

"விடுதலை! விடுதலை!"